மறக்கப்பட்ட மனிதனும் ஒரு சிரிப்பும்

1930களில் அமெரிக்காவிலே தோன்றிய ‘ஸ்குரூபோல்’ நகைச்சுவைப் படங்களை இன்றைய இளைஞர் விரும்பிப் பார்ப்பது கண்டு முற்போக்கு நண்பர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. பேஸ்போல் ஆட்டத்தில் எதிர்பாராத திசையில் வளையும் பந்துக்குரிய பெயர் அது. மாளிகை, முத்துமாலை, செல்வர் மகளின் காதல். இவற்றில் உழைப்பவனுக்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா. படங்களைப் பார்த்தவர் கேட்கும் வினாவாக எனக்கு அது தோன்றவில்லை.

கிரகரி லா கவா நெறிப்படுத்திய ‘மை மான் கொட்பிரி’ (1936) என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். நியூயோர்க் ஆற்றங்கரைக் குப்பைமேட்டிலே வேலையற்றோர் கொட்டிலமைத்து வாழ்கின்றனர். பட்டாடை உடுத்த சகோதரியர் இருவர் அங்கே வந்து இறங்குகின்றனர். செல்வர் விருந்தொன்றில் விசித்திரப் பொருள் தேடும் போட்டி; வெள்ளாட்டைப் போல ‘மறக்கப்பட்ட மனிதன்’ ஒருவனையும் கொண்டுவர வேண்டுமாம்! கூலி ஐந்து டொலர். பொருளாதார அமைப்பின் அடித்தட்டில் கிடப்பவனைக் குறிக்க 1932இல் ரூஸ்வெல்ட் வானொலியில் ஆண்ட தொடர், படத்திலே செல்வரின் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வருக்கொருவர் வேலையற்றிருந்தனர் என வரலாற்று நூலிற் படிக்கிறோம். அதன் அவமானத்தையோ இக்காட்சியில் உணர்கிறோம். உணரும்போதே சிரிக்கவும் செய்கிறோம்.

யாரைப் பார்த்து? பாடசாலை முடிந்தபின் என் உயர்தர வகுப்பு மாணவருடன் இப்படத்தைப் பார்த்தேன். குப்பைமேட்டு மனிதரைப் பார்த்து அவர்கள் ஒருமுறையேனும் சிரிக்கவில்லை. சீமாட்டியின் கூடத்திலே மனிதக் குரங்குபோல் தாவிக் காட்டி வயிறு வளர்க்கும் ‘கலைஞனை’யும் அவனைப் போஷிக்கும் குடும்பத்தையும் பார்த்தே சிரித்தனர். பணமுள்ளவன் அறிவுமுள்ளவன் என்ற மூடநம்பிக்கையை இவ்வளவு விரைவில் உடைத்த துண்டுப்பிரசுரம் எது? (நானும் சில எழுதியவனே.)

முடிவு பலவீனமானதுதான். கொட்பிரி உண்மையில் பொஸ்டன் நகரச் செல்வக் குடியினன். குப்பைமேட்டில் இரவு விடுதி எழ, அங்கிருந்தோர் அதன் பணியாளராகின்றனர். “இது ஒரு பரிகாரமா, சேர்?” என்று வெடுக்கெனக் கேட்டாள் ஒரு மாணவி. எல்லோரிலும் அதிகம் சிரித்தவளும் அவளே.

அடுத்த கிழமை ஹவார்ட் ஹொக்ஸின் ‘ஹிஸ் கேர்ள் பிரைடே’ (1940). 1928ஆம் ஆண்டு நாடகமொன்றில் ஆணாயிருந்த நிருபர் பாத்திரம் இங்கே ஹில்டி என்னும் பெண். ஆணின் பேச்சு முடியுமுன்னரே அவள் பேச்சு பாய்கிறது. தூக்குக்குக் காத்திருந்த கைதி தப்பிய செய்தியை அவள் தட்டச்சிலே பொறித்துக்கொண்டிருக்கிறாள். மணம் பேசப்பட்டவன் அருகில் நின்று அழைக்கிறான். அவள் செவியில் ஏறவில்லை. மாணவிகள் கைதட்டியது அவ்விடத்திலேதான்.