ஹெல்த் எவ்ளோ பாய்?

ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் சாயங்காலம்தான் பழைய செல்போன் கடைகளுக்கு வியாபார நேரம். சம்பளம் போட்ட வாரமென்றால் கண்ணாடி மேசை முன்னால் நிற்க இடம் கிடைக்காது. நான் போய் உட்கார்ந்த கடை, பஜாரை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. முன்னால் விற்பனை, பலகைத் தடுப்புக்குப் பின்னால் சர்வீஸ் டேபிள். கடைக்காரரைத் தெருவே பாய் என்று கூப்பிடுகிறது. டேபிளில் குனிந்திருக்கும் இளைஞர் அவருடைய அக்கா மகன், சென்னை ரிச்சி தெருவில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். வருகிறவர்கள் கேமரா, ஸ்டோரேஜ், கலர் எல்லாம் விசாரித்து முடித்து, பணத்தை எடுப்பதற்குமுன் கடைசியாக ஒன்று கேட்கிறார்கள்: "ஹெல்த் எவ்ளோ பாய்?"

கேட்பது பேட்டரியின் ஹெல்த்தை. கேட்பவர்களில் பலர் தரம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் ஊர்களில் ஒரு தோல் எத்தனை கண்களைத் தாண்டிப் போகிறது! மேசைமேல் விரித்து, விரலால் நீவி, உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் என்று பார்த்துத் தரம் பிரிப்பவர் ஒருவர். தைத்து வரும் மேல்பாகத்தைப் புரட்டி, நூல் தப்பிய இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் செக்கர் இன்னொருவர். தொழிலில் குரோம் சிக்ஸ் என்று சொல்லும் நச்சுக் குரோமியம், ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்பது 2015 மே மாதத்திலிருந்து அங்கே சட்டம். தோலை ஆயிரக்கணக்கான தடவை மடக்கி விரித்து விரிசல் விடுகிறதா என்று பார்ப்பதற்கே மெஷின் உண்டு. இத்தனை ரிப்போர்ட்டுடன் கப்பலேறும் ஷூவைத் தைத்த பெண், ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பணத்தைக் கொடுத்து வாங்கும் பழைய போனுக்கு ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது. திரையில் தெரியும் சதவீதம் மட்டும்தான். அதையும் மாற்றி எழுத முடியும் என்பதை அந்த டேபிளில் கண்ணால் பார்த்தேன்.

ஐபோனில் இந்தச் சதவீதம் 2018 மார்ச்சில், ஐஓஎஸ் 11.3 பதிப்போடு வந்தது. பேட்டரி பழசான போன்களின் வேகத்தைத் தானே குறைப்பதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கொடுத்த பரிகாரம் அது. 80-க்குக் கீழே இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கணக்கு. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுவரைக்கும், 15 முதல் 1000 சுற்றுவரைக்கும் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி செய்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது, அதுவும் உகந்த சூழ்நிலையில் என்ற நிபந்தனையோடு. ஆண்ட்ராய்டில் நிலைமை இன்னும் மோசம். பல போன்களில் இந்த எண்ணே கிடையாது. சிலர் *#*#4636#*#* என்று அடித்து, உள்ளே பேட்டரி ஹெல்த் 'குட்' என்று வந்ததும் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள். பேட்டரி அதிகமாகச் சூடேறவில்லை, மின்னழுத்தம் வரம்பு மீறவில்லை என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. கொள்ளளவு பாதியாகச் சுருங்கிக் கிடந்தாலும் அது குட் என்றே காட்டும்.

"இப்ப பாருங்க சார்" என்று அக்கா மகன் ஒரு பழைய ஐபோன் பேட்டரியைக் கையளவு மெஷின் ஒன்றில் மாட்டினார். 74 என்று வந்தது. இரண்டு பட்டன்களை அழுத்தினார். 100. சார்ஜ் சுற்று பூஜ்யம். பேட்டரியின் தலைப்பக்கம் விரல்நக அகலத்தில் ஒரு சின்ன போர்டு இருக்கிறது, பிஎம்எஸ் என்கிறார்கள். கணக்கெல்லாம் அதிலுள்ள சிப்பில்தான். அந்தக் கணக்கைத் திருத்தியாயிற்று, செல்லுக்குள் ஒரு துளி மின்சாரமும் கூடவில்லை.

எனக்கு அந்த மெஷின்மேல் கோபம் வரவில்லை. ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி, வெளியில் பேட்டரி மாற்றினால் இது அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஓர் எச்சரிக்கை திரையில் வந்து நிற்கிறது. நல்ல செல் போட்டாலும் வரும். அதைப் பார்த்து வாங்குபவர் மிரள்வதால், பழைய பேட்டரியின் பிஎம்எஸ் போர்டை வெட்டியெடுத்துப் புதுச் செல்லில் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்கள். பிறகு கணக்கைத் திருத்த இதே மெஷின் வேண்டும். நேர்மையாக ரிப்பேர் செய்பவரும் ஏமாற்றுபவரும் ஒரே கருவியைத் தூக்க வேண்டியிருப்பதில் கம்பெனி போட்ட பூட்டுக்கும் பங்குண்டு. ஐந்து வருடப் பழைய போன் 100 என்று காட்டினால் சந்தோஷப்படாமல், எப்போது மாற்றியது, என்ன செல் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

பாயும் அவர் அக்கா மகனும் எண்ணை நம்புவதில்லை. யாராவது போன் விற்க வந்தால் பாய் முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று சேர்த்து 14422-க்கு மெசேஜ் அனுப்புகிறார். திருட்டுப் போன் என்று முடக்கி வைத்திருந்தால் பதிலில் தெரிந்துவிடும். அடுத்து போனைக் கண்ணாடிமேல் மல்லாக்கப் போட்டு ஒரு மூலையைச் சுண்டுகிறார். முதுகு தட்டையாக இருந்தால் நகர்ந்து நிற்கும், உள்ளே செல் வீங்கியிருந்தால் சுற்றும். பிறகு வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார். மெல்ல இறங்கினால் பரவாயில்லை. 35 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 12-க்குத் தாவினால், அல்லது 25-லேயே அணைந்தால், விலை பேச்சே வேறு. தூர்ந்துபோன குழாய் மாதிரிதான் பழைய செல்லும்: தொட்டியில் தண்ணீர் இருக்கும், குழாயை முழுக்கத் திறந்தால் வராது. வயதாக ஆக செல்லின் உள்மின்தடை கூடுகிறது. கேமராவும் டார்ச்சும் ஒன்றாக மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, போன் தன்னை அணைத்துக்கொள்கிறது.

பின்னால் டேபிளில் நடப்பதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஒரு போன், சார்ஜே நிற்கவில்லை என்று வந்தது. இளைஞர் அதை எண்பது டிகிரிக்குச் சூடேறிய தட்டில் கொஞ்ச நேரம் வைத்தார். பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் ஓப்பனரை ஓரத்தில் விட்டு, அவசரப்படாமல் சுற்றிலும் ஓட்டி முதுகைக் கழற்றினார். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. செல்லை நெம்பி எடுக்க இரும்புக் கருவியைத் தொடுவதேயில்லை. ஒட்டுப் பட்டையை இழுத்துப் பார்த்து, அறுந்துவிட்டதால் அடியில் ஐபிஏ என்கிற ஆல்கஹால் சில சொட்டு விட்டுக் காத்திருந்தார். செல் மடங்கினாலோ குத்துப்பட்டாலோ உள்ளே நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுப் புகையும். புதுச் செல்லை மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. பேட்டரி இருந்த இடத்தில் டிசி சப்ளையின் கம்பிகளைக் கொடுத்து நாலு வோல்ட் வைத்தார். போனை ஆன் செய்யவேயில்லை, மீட்டரில் மட்டும் கண். அணைந்திருக்கும் போன் மின்சாரம் கேட்கக் கூடாது, முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 60 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

"போர்டுல லீக்கேஜ் கீது. எத்தினி பேட்டரி போட்டாலும் சார்ஜ் நிக்காது."

மூன்று பேட்டரி மாற்றிய போனாம் அது, வேறு வேறு கடைகளில். இந்த ஒரு நிமிட வேலையை யாரும் செய்யவில்லை.

இந்த ஊருக்கே உரிய நோய் ஒன்றையும் அவர் காட்டினார். பச்சைத் தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும் வாயு அது. தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர்களின் போன்களில் சார்ஜிங் பின்கள் கறுத்து, சார்ஜ் ஏறாமல் பேட்டரிமேல் பழி விழுகிறதாம். பின்னைச் சுத்தம் செய்தோ சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றியோ கொடுத்தால் பழைய பேட்டரியே ஓடுகிறது. அந்த வாயு மனித நுரையீரலை என்ன செய்யும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். தொட்டிக்குள் இறங்கி இறந்தவர்களின் செய்திகள் இந்தப் பக்கத்தில் புதிதல்ல.

பேட்டரியைக் கொல்வதில் முதலிடம் வெயிலுக்கு. 35 டிகிரிக்குமேல் சூட்டில் வைத்தால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. வேலூர்ப் பக்கம் கத்திரியில் 40-ஐத் தாண்டுவது யாருக்கும் ஆச்சரியமில்லை. லைனுக்குள் போன் கொண்டுபோக விடாத கம்பெனிகள் உண்டு. அங்கே வேலை செய்பவரின் போன் பகலெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கடியில் வேகிறது. முழு சார்ஜோடு இருந்தால் இன்னும் கெடுதல். ராத்திரியெல்லாம் சார்ஜில் போட்டு, காலையில் 100-ஓடு கொண்டுவந்து சீட்டுக்கடியில் வைப்பவர்கள்தான் அதிகம். சூட்டில் செல்லுக்குள் வேண்டாத வேதிவினை வேகம் பிடிக்கிறது. லித்தியத்தின் ஒரு பகுதி மாட்டிக்கொண்டு திரும்ப வேலைக்கு வருவதில்லை. வினை முற்றினால் வாயு சேர்ந்து பை உப்புகிறது. அப்படி உப்பிய செல்களை அக்கா மகன் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் புதைத்து வைக்கிறார். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. இந்தச் சந்துக்கு அந்தப் பொறுப்பு இன்னும் வழி கேட்டு வரவில்லை. டப்பா நிறைந்தால் காயலான் கடைக்காரர் வருகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புதுப் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும் என்று விதி. ஷூவுக்கு விதி போடும் அதே சந்தை. நான் இதைச் சொன்னபோது பாய் சிரித்தார். "அவங்க ஊர்ல வெயில் இல்லீங்களே."

அன்றைக்குக் கடைசியாக வந்தது, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்த ஒரு பெண்ணும் அவர் மகளும். மகளுக்கு காலேஜ் கிளாஸ், நோட்ஸ் எல்லாம் போனில்தான். பார்த்த போன் 91 காட்டியது. அம்மா அந்த எண்ணைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. போனை வாங்கித் திருப்பி, பின்மூடியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் நகம் நின்றது.

"இது திறந்த போனு பாய்."

"செக்கிங்ல இருக்கியாம்மா?"

"பதினாலு வருசமா."

பாய் மறைக்கவில்லை. பேட்டரி மாற்றியதுதான், அசல் இல்லை, காப்பி என்றார். முன்பு வைத்திருந்தவர் விற்றபோதே தெரியும், அதற்குத்தான் விலை குறைவு என்றார். இன்னும் அறுநூறு குறைக்கச் சொல்லி அம்மா நின்றார். நானூறில் முடிந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு நடக்கப் பார்த்தாள். அம்மா நகரவில்லை. பேட்டரி காப்பி என்பதையும், ஒரு மாதத்துக்குள் வீங்கினாலோ பாதியில் அணைந்தாலோ மாற்றித் தருவதையும் பில்லின் பின்னால் எழுதித் தரச் சொன்னார்.

"கம்பெனியில பையர் கேக்குற மாதிரியே என்னையும் ரிப்போர்ட் கேக்குறியேம்மா!" என்று முனகிக்கொண்டே பாய் பேனாவைத் தேடினார். எழுதி, தேதி போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். அம்மா அதை ஒருமுறை படித்துவிட்டு, மகளின் போனிலேயே படமெடுத்துக்கொள்ளச் சொன்னார்.