கிழமைக்கட்டு

எங்கள் ஒழுங்கையில் கிழமை நாட்களுக்கு வேறு கணக்கு இருந்தது. திங்கள் ஒரு கம்பனி, செவ்வாய் இன்னொன்று, வியாழன் மூன்றாவது. மாமியிடம் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டால் கலண்டரைப் பார்க்கமாட்டா. யாருடைய மோட்டார் சைக்கிள் வரப்போகிறது என்று யோசித்துத்தான் சொல்லுவா.

எங்கள் ஊர் அமிர்தகழியில் அப்போது கடன் எடுக்காத வீடு அரிது. 2009இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தன. அந்தப் பாதைகளால் முதலில் வந்தவற்றில் கடனும் ஒன்று. அப்பாவுக்கு வாவியில் தொழில். மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் இறால் படும். கோடையில் வெறும் வலையோடு கரையேறுவார். வீட்டை ஓட்டியது அம்மாவின் இடியப்பம். விடியப்புறம் மூன்று மணிக்கே அடுப்பு மூட்டி, வெளிச்சம் வருமுன் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து முடிப்பா. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் கொடியேறினால் பத்து நாளும் கடலையும் விற்பா. அந்தப் பத்து நாள் காசுதான் எங்கள் கொப்பி, சப்பாத்து எல்லாம்.

பெரிய பாத்திரமும் புதுத் தட்டுகளும் வாங்க அம்மா 50,000 ரூபா எடுத்தா. காணி உறுதி கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. அயலில் உள்ள ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாக வரவேண்டும், ஒருத்திக்கு மற்றவள் பிணை நிற்கவேண்டும், அவ்வளவுதான். பங்களாதேசில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி உலகமெங்கும் பேர்பெறச் செய்த முறை அது. 2006இல் யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது அது இலாபத்துக்கு நடக்கும் கம்பனிகளின் கையில் இருந்தது.

கிழமைக்கு 1,300 ரூபா, 52 கிழமை. குழுத் தலைவியின் விறாந்தையில் கூட்டம். ஒப்பீசர் தம்பிக்குப் பிளாஸ்டிக் கதிரை, பெண்களுக்குப் பாய். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் யாரும் எழும்பக்கூடாது. நான் தரம் 7 படித்த காலம். அம்மாவின் பக்கத்தில் இருந்து வீட்டுவேலை செய்வேன்.

ஒரு மழை நாள், இரண்டு வளவு தள்ளி இருந்த அக்கா வரவில்லை. அவவுடைய புருஷன் தோணியால் விழுந்து இடுப்பு அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நேரம் போனது. ஒப்பீசர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியதும், "நீங்கதானே அக்கா பிணை, நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார். பெண்கள் குடையும் இல்லாமல் கிளம்பினார்கள். நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கதவடியில் நின்றது என் வகுப்புத் தோழி. "அம்மா இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா" என்றாள். அவளுக்குப் பின்னால் அறை வாசலில் தொங்கிய திரைச்சீலை நிலத்தைத் தொடவில்லை. கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. வலது பெருவிரலில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் பூசியிருந்தது. நான் கண்டேன். அம்மாவும் கண்டா. கண்டுவிட்டு மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்து, "இல்லையாம், வாங்க போவம்" என்றா. அன்றைக்கு அந்த 1,300 ரூபாவை மற்ற நான்கு பேரும் நூறு நூறாகச் சேர்த்துக் கட்டினார்கள். அம்மா போட்டது அடுத்த நாள் அரிசிக்கு வைத்திருந்த காசு.

இப்படி எத்தனை நாளைக்கு? ஒருத்தி விழுந்தால் நாலு பேர் தூக்கவேண்டும். தூக்குவதற்கு அவர்கள் வேறொரு கம்பனியிடம் எடுப்பார்கள். மாமி மூன்று கடனுக்குள் போனது அப்படித்தான். பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் கூடின. கிணற்றடியில் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு, மாதர் சங்கக் கட்டடத்துக்கு நகரத்துப் பெண்கள் அமைப்பிலிருந்து ஒரு அக்கா வந்தா. பேச்சு எதுவும் பேசவில்லை. எல்லாருடைய கட்டுப் புத்தகங்களையும் வாங்கிப் பாயில் பரப்பினா. என் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு, "மகள், 1,300ஐ 52ஆல பெருக்கு" என்றா. 67,600 வந்தது. "வட்டி 17,600. நூற்றுக்கு 35 எண்டுதானே சொன்னவங்க?" ஓம் என்றார்கள். "முதல் கிழமையே முதலில ஒரு துண்டைத் திருப்பிக் குடுத்திட்டீங்க. அரை வருஷம் போக அரைவாசிக்குக் கிட்டத்தான் உங்கட கையில கிடக்கு. ஆனா வட்டி மட்டும் முழு அம்பதாயிரத்துக்கும் முழு வருஷத்துக்கும்." சரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 60 வீதத்துக்கு மேல் வருகிறது என்று விளக்கினா. அம்மா என் கொப்பியை வாங்கி, எழுத்துக்கூட்டுவதுபோல அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தா.

அடுத்த கூட்டத்துக்கு எல்லாப் பெண்களும் நேரத்துக்கே வந்தார்கள். அன்றைக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அக்காவும் வந்தா. அவவை நடுவில் இருத்தினார்கள். கடனைக் கட்டமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மணிக்குப் பிறகு எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. பிள்ளைகளிடம் விசாரிக்கக்கூடாது. ஒப்பந்தத்தைத் தமிழில் தரவேண்டும். ஒருத்தி கட்டாததற்கு மற்றவளை மறிக்கக்கூடாது. இப்படி எழுதியதைத் தலைவி வாசித்தா, எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். ஒப்பீசர் தம்பிக்கு வேர்த்தது. அவரும் எங்கேயோ ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான். மாதம் முடிய இத்தனை வீதம் அறவிட்டுக் காட்டாவிட்டால் அவருக்கும் வேலை இல்லை. "மேலே கேட்டுச் சொல்றன் அக்கா" என்று எழும்பினார். மேலே இருந்தவர்கள் வந்து வழக்குப் போடுவோம் என்று வெருட்டினார்கள். கடன் விபரம் பதியும் கிரிப்பில் பெயர் போகும், இனி எந்த வங்கியும் கடன் தராது என்றார்கள். ஆனால் இருட்டில் மோட்டார் சைக்கிள் வருவது நின்றது.

2018இல் அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. நாட்டின் பல பக்கங்களிலும் பெண்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களின் செய்தியும் வந்துகொண்டிருந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபா வரையான, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்த பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். வட்டிக்கு 35 வீதம் உச்சவரம்பு என்றும் சொல்லப்பட்டது. அம்மாவுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. தோட்டை அடைவு வைத்து, ஒரு கிழமையும் பிந்தாமல் கட்டி முடித்தவளுக்கு நிலுவை ஏது? இரண்டு நாள் புறுபுறுத்தா. "ஒழுங்காக் கட்டினதுதான் நான் செய்த குற்றம்" என்றா. அது பகிடி இல்லை.

நான் ஓ.எல். எழுதிய 2021 மார்ச்சில், பக்கத்து மாவட்டமான பொலநறுவையில், ஹிங்குராக்கொடையில், சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மகளிர் தினத்தில் தொடங்கி 50 நாட்களுக்கு மேல் இருந்தார்கள். ரீவியில் அதைப் பார்த்த அம்மாவுக்கு அவர்கள் பேசிய பாஷை விளங்கவில்லை, விஷயம் விளங்கியது. "அங்கயும் ஒருத்திக்கு மற்றவள்தானோ பிணை?" என்று மட்டும் கேட்டா.

சின்ன வயதில் அந்தச் சண்டை காசைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். கம்பனி ஈடாக எடுத்தது காணியையோ நகையையோ அல்ல. ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களின் உறவை. ஒருத்தியை மற்றவளுக்குக் காவல் வைத்தால் பொலிசும் வேண்டாம், கோடும் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் முதலில் மீட்டது அந்த ஈட்டைத்தான். வட்டி, சட்டம், தள்ளுபடி எல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சுக்கே வந்தன.