மண் இல்லாத கீரைப்பாத்தி

நங்கநல்லூரில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஒரு காலத்தில் விருந்தினர் படுத்துறங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்து இப்பொழுது புதினாவும் வெந்தயக்கீரையும் குடியேறிவிட்ட பத்தடிச் சதுர அறை ஒன்றைப் பார்த்துவிட்டு வரும்படி நண்பர் ஒருவர் பல மாதங்களாக வற்புறுத்திக்கொண்டிருந்தார்; மண்ணில்லாமல் பயிர் என்றதும் எனக்கு இயல்பாகவே உண்டான அவநம்பிக்கையை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு, சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்ததும் எதிர்கொண்டது புதினாவின் வாசனை. சுவரோரமாக இரும்புத் தட்டுகள். தட்டுக்கு நான்காக வெள்ளைப் பி.வி.சி. குழாய்கள், குழாய்களின் முதுகில் சாண் இடைவெளியில் வட்டத் துளைகள், துளைதோறும், நெட் பாட் என்று இத்தொழிலில் எல்லோரும் சொல்லும் சின்னஞ்சிறு வலைக்கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு பிடி தென்னைநார்த் தூளில் ஊன்றிய செடி. குழாயின் அடியில் படலம்போல் ஓடும் நீரை வேரின் நுனி குடிக்க, மேற்பாதி காற்றில் நின்று மூச்சு விடுகிறது. தலைக்கு மேலே எல்.இ.டி. விளக்குகள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரிகின்றன. விடியற்காலை ஐந்துக்கு ஏற்றி மாலை ஏழுக்கு அணைக்கும் கைங்கரியத்தை டைமர் செய்துவிடுகிறது.

வீட்டுக்கார அம்மையார் முப்பது வருஷம் பள்ளியில் ரசாயனம் போதித்து ஓய்வு பெற்றவர். போஷணைத் திராவகத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தபோது நானும் ஒரு கணம் பெஞ்சில் உட்கார்ந்த மாணவனாகிவிட்டேன். மண் கொடுக்க வேண்டிய சத்துக்கள் அனைத்தையும் உப்புகளாக நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கெட்டியாகக் கரைத்துவிட முடியாது. கால்சியம் நைட்ரேட் ஒரு குடுவையிலும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் வேறொரு குடுவையிலும் தனித்தனியே இருந்து, நிறைந்த தொட்டி நீரில்தான் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். ஏ கரைசல், பி கரைசல் என்று கடைகளில் இரண்டு புட்டிகளாக விற்பதற்கு இதுவே காரணம். முதல் மாதத்தில், அவசரத்தில், அம்மையார் இரண்டு பொடிகளையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கியிருக்கிறார். மறுநாள் வாளியின் அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்து கிடந்ததாம். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகிவிட்டன. “வீழ்படிவு, வீழ்படிவுன்னு கரும்பலகையில எத்தனை தடவை எழுதியிருப்பேன்! என் வாளியில விழுந்தப்பதான் புரிஞ்சுது” என்று அவர் சிரித்தார்.

அந்தக் கட்டடத்தின் ஆழ்குழாய் நீர் உப்பு நீர். அவருடைய டிடிஎஸ் மீட்டரில் ஆயிரத்து நூறு காட்டியது. ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்து, நாற்பதுக்கு இறங்கிய நீரில் சத்துக்களைச் சேர்த்து எழுநூறுக்கு ஏற்றி, பிஹெச் ஆறை ஒட்டி நிற்கும்படி பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். ஆறரைக்கு மேலே போனால் இரும்புச் சத்து நீரில் இருந்தும் செடிக்கு எட்டுவது குறைந்து, இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க நடுவெல்லாம் வெளுத்துவிடுமாம். இம்முறையில் தண்ணீர் மிச்சம் என்று பலரும் பிரசாரம் செய்கிறார்கள். செடிகள் குடிப்பது நாளைக்கு மூன்று நான்கு லிட்டர்தான் என்பது உண்மையே. ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீரைப் பிழிந்தெடுக்க ஆர்.ஓ. இயந்திரம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கழித்துத் தள்ளுகிறதே, அதை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? அம்மையார் அதில் வீட்டைத் துடைக்கிறார். எல்லோரும் துடைப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நீரில் செடி வளர்ப்பது புதிய சாஸ்திரம் அன்று. 1699ஆம் வருஷத்திலேயே ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், ஹைடு பார்க் வாய்க்கால் நீரிலும், தோட்ட மண் கலக்கிய நீரிலும் ஒரே ஜாதிப் புதினாவை வளர்த்து நிறுத்துப் பார்த்து, தெளிந்த நீரைவிடக் கலங்கிய நீரிலேதான் செடி செழிக்கிறது என்று கண்டார். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை 1937இல் வழக்கில் கொணர்ந்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் கெரிக். நம் தேசத்திலும் 1946 முதற்கொண்டு ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்துக் காலிம்பொங்கில் இதைப் பரீட்சித்து, சாமானியர் கைக்கு எட்டும் எளிய முறை ஒன்றை வகுத்தார்.

இந்த அறையின் மெய்யான தொழிலாளி, செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாரம் மூன்று நாள் வந்துபோகும் ஐம்பது வயதுப் பெண்மணி. கீரைப்பாத்தியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதை அவர் விரல்களே சொல்லின. கொத்தமல்லி விதையைத் தரையில் பரப்பி, ஒரு மரக்கட்டையால் பதமாக அழுத்தித் தேய்த்து, நொறுங்காமல் இரண்டிரண்டு பருப்பாகப் பிளக்கச் செய்துகொண்டிருந்தார். “ஊர்ல செருப்புக் காலால தேய்ப்போம் சார், இங்க அம்மா விடமாட்டாங்க” என்றார். வெந்தயம் இரண்டாம் நாளே முளைவிட, கொத்தமல்லி எட்டுப் பத்து நாள் மௌனம் சாதிக்கும் என்பதும், இரண்டையும் ஒரே தட்டில் போட்டால் ஒன்று மற்றொன்றின் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதும் அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை அல்ல.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் ஒன்றைத் தூக்கி, தொங்கிய வேரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, திரும்ப வைத்தார். “வேரு இடியாப்பம் மாதிரி வெள்ளையா இருக்கணும் சார். டீ கலர் வந்து, சேத்து நாத்தம் அடிச்சா அது போச்சு. மீட்டரு சரியாத்தான் காட்டும், செடி செத்துக்கிட்டிருக்கும்.”

அவர் சொன்னதற்கு ரசாயனச் சான்று அம்மையாரிடம் கிடைத்தது. இருபது டிகிரி நீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். முப்பது டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேரோ வெப்பம் ஏற ஏற அதிகம் கேட்கும். வேரழுகல் பூஞ்சைக்கு அதுவே வேட்டைக் காலம். ஆகையால் அக்கினி நட்சத்திர நாட்களில் இந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் நீர் நிரப்பிய பாட்டில்கள் உறைந்து கிடக்கின்றன. காலை ஒன்று, மத்தியானம் ஒன்று என்று தொட்டியில் மிதக்க விடுகிறார்கள். போன கோடையில் இரவு மின்சாரம் நின்று, மோட்டார் நின்று, படலமாக ஓடிய நீர் வடிந்துபோக, விடிவதற்குள் இரண்டு தட்டுப் பாலக்கும் தலை தொங்கிவிட்டதாம். அதன்பின் ஒரு தட்டை மட்டும் குழாயிலிருந்து விடுவித்து, மூடிய கறுப்புத் தொட்டியில் ஏர் பம்ப் வைத்து வளர்க்கிறார்கள். அங்கே வேர் ஆழ்ந்த நீரில் கிடப்பதால், பம்ப் நின்றாலும் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கிறது.

எல்லாம் பார்த்த பிறகு, சிறுகீரையும் அரைக்கீரையும் எங்கே என்று கேட்டேன். அம்மையார் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே, நூல்போல் நீண்டு, தண்டு வெளுத்து, தன் தலையைத் தானே தாங்கமாட்டாமல் சாய்ந்து கிடந்த சில செடிகளைக் கண்டபோது எனக்கு இரக்கமே உண்டாயிற்று. தண்டுக்கீரை வர்க்கம் முழுதும், கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும் முறையில், சோளத்துக்கும் கரும்புக்கும் பங்காளி. உச்சி வெயிலின் ஒரு லட்சம் லக்ஸ் ஒளியில் துள்ளுகிற ஜாதியை, அதில் சிறு பங்கும் தராத விளக்கின் கீழ் நிறுத்தினால் அது என்ன செய்யும்? “வெயில் பிள்ளை சார் அது” என்றார் அந்தப் பெண்மணி. விளக்கை மூன்று மடங்காக்கலாம். மின்சாரக் கட்டணம் கீரைக்கட்டின் விலையை எள்ளி நகையாடும்.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதினா, கொத்தமல்லி, வெந்தயம், திருநீற்றுப் பச்சிலை, சாலடுக்கு வேண்டிய லெட்யூஸ் ஆகியவற்றுக்கு இந்த அறை தகும். கிள்ளிய பத்தாவது நிமிஷத்தில் சட்னியாகும் புதினாவுக்குச் சந்தையில் ஈடில்லை. மசியலுக்கு உரிய கீரையை இதில் வளர்க்க முயல்வது வீண் பிரயாசை. அதற்குத் தெருவில் கூவிக்கொண்டு வரும் கீரைக்காரியையே நம்பலாம்.

விடைபெறும்போது, கணுவுக்குக் கீழே கிள்ளிய புதினாத் தண்டு நான்கை ஈரத்துணியில் சுற்றி அந்தப் பெண்மணி என் கையில் கொடுத்தார். ஒளி பட்டால் பாசி பிடிக்கும் என்று எச்சரித்திருந்தபடியால், பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் கறுப்புக் காகிதம் சுற்றி, சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஆறாம் நாள் மூன்று தண்டுகளில் வேர் கண்டது, நான்காவது அழுகிவிட்டது.