நாடாவில் உறங்கும் குரல்கள்

மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பீரோவின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கக் காண்கிறோம். அதனைத் திறந்தால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய காசெட்டுகள் பத்தோ பன்னிரண்டோ கிடக்கும். 2000-ஆம் ஆண்டையொட்டி வளைகுடா நாடுகளிலிருந்து வந்த உறவினர் கொணர்ந்த சிறு வீடியோ காமிராக்களால் பிடிக்கப்பட்டவை அவை. காதணி விழா, புதுமனை புகுவிழா, சங்கத்தின் பொங்கல் விழா எல்லாம் அவற்றினுள் அடங்கியுள்ளன. காசெட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பார்ப்பதற்குத்தான் வழியில்லை.

இந்தக் காசெட்டை 'மினி டீ.வீ.' என்பர். தமிழில் எழுதினால் தொலைக்காட்சிப் பெட்டி என்றே மயங்க நேரும். நம் அயலார் ஒருவர் அவ்வாறே எண்ணி, 'சின்ன டீ.வி. ரிப்பேர் பார்ப்பீர்களாமே?' என்று வினவியதும் உண்டு. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த முறை இது. 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்த நாடாவில் படமும் ஒலியும் எண்களாகப் பதிந்திருக்கும். ஆதலால் பழைய வி.எச்.எஸ். நாடாவைப் போலப் படி எடுக்கும்தோறும் படம் மங்குவதில்லை. நாடாவிலுள்ள எண்களைப் பிசகாமல் கணிப்பொறிக்குக் கொண்டுசேர்த்தால் போதும். படம் வரவில்லையென்றால் படமே அழிந்துவிட்டது என்று அஞ்சுவோர் பலர். பெரும்பாலும் படம் நாடாவில் நலமாகவே இருக்கும். கோளாறு வழியில்தான் இருக்கும்.

நாம் இருப்புப்பாதை இலாகாவில் எழுத்தர் பணி புரிகிறோம். நமது படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. எனினும் நம் தந்தையார் விட்டுச்சென்ற காமிரா இன்றும் ஓடுகிறது என்ற செய்தி எவ்வாறோ பரவியதால், சென்ற ஆண்டு முதல் அன்பர்கள் டப்பாக்களுடன் நம் இல்லம் தேடி வரலாயினர்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எழுபது வயது ஆச்சி. அவருடைய கணவர் யூதத் தெருவை அடுத்த ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர்; 2011-இல் காலமானார். 2005-இல் நடந்த மகள் திருமணத்தின் காசெட் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார் ஆச்சி. "அவுக குரலு இதுல மட்டுந்தான் இருக்கு தம்பி. போட்டோவுல பேச்சு வருமா?" என்றார். அதற்கு நாம் என்ன மறுமொழி கூற முடியும்?

முதற்கண் காசெட்டின் முதுகிலுள்ள சிறு தாழ்ப்பாளைப் பதிவு செய்ய இயலாத பக்கம் தள்ளினோம். தவறிப்போய் விரல் பொத்தானில் பட்டாலும் பழைய பதிவு அழியாமல் காப்பது அதுவே. பின்னர்க் காமிராவில் இட்டு ஓட்டினோம். திரையில் சதுரம் சதுரமாகச் சிதறிய வண்ணங்கள் தோன்றின. ஒலி விக்கி விக்கி நின்றது. காமிராவின் தலையில் அழுக்குப் படிந்திருந்தால் இவ்வாறு வரும். துடைக்கும் காசெட்டைப் பத்து வினாடி மட்டும் ஓட்டினோம். அதற்கு மேல் ஓட்டினால் தலை தேயும். வேறு காசெட்டுகள் தெளிவாக ஓடின. ஆச்சியின் காசெட் மட்டும் மாறவில்லை.

காரணம் பிற்பாடே புலனாயிற்று. அறுபது நிமிட நாடாவில் தொண்ணூறு நிமிடம் பதிய 'எல்.பி.' என்றொரு முறை உண்டு. சிக்கனம் கருதித் திருமண வீடுகளில் பலர் இதனைக் கையாண்டனர். அதில் தடங்கள் குறுகியவை. பதிந்த காமிராவைத் தவிர வேறு காமிரா அத்தடங்களைச் சரியாகப் பற்றுவது உறுதியில்லை. ஆகவே அந்தத் திருமணத்தைப் படம் பிடித்த காமிராவையே தேட வேண்டியதாயிற்று. பள்ளுருத்தியில் ஆச்சியின் மைத்துனர் மகன் வீட்டுப் பரணில் அது கிடைத்தது. பாட்டரி செத்திருந்தது, மின் அடாப்டர் உயிரோடிருந்தது.

இடவப்பாதி மழை கொட்டிய நாளில் அதனைக் கொண்டுவந்தார்கள். இயக்கியவுடன் திரையில் ஈர எச்சரிக்கை தோன்றியது. ஈரத்தோடு ஓட்டினால் நாடா உருளையில் ஒட்டிக் கிழியும். காசெட்டை இடாமல், மூடியைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஆச்சி அந்நேரம் முழுதும் பேசவில்லை. நாம் அளித்த காப்பி ஆறிப்போயிற்று.

இனி இணைப்பைப் பற்றிச் சில சொற்கள். பலர் காமிராவின் யு.எஸ்.பி. துளையில் கம்பியைச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்கிறார்கள். பெரும்பாலான காமிராக்களில் அத்துளை நிழற்படங்களுக்கே உரியது. நாடாவின் எண்கள் முழுமையாக வருவது ஃபயர்வயர் என்னும் துளை வழியே. சோனி நிறுவனம் அதனை ஐ-லிங்க் என்று அழைத்தது. காமிராவின் பக்கம் நான்கு முனையுள்ள சிறு செருகி. கணிப்பொறியின் பக்கம் பெரும்பாலும் ஆறு முனை. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் போல இரண்டும் தம்முள் பொருந்தா. இருபுறமும் தக்கவாறு அமைந்த கம்பி வேண்டும். ஆறு முனையில் மின்சாரமும் ஓடுவதால் இரு கருவிகளையும் நிறுத்திவிட்டே செருகுதல் நன்று. யு.எஸ்.பி.யை ஃபயர்வயராக மாற்றுவதாகச் சொல்லிச் சில கடைகளில் ஒரு வெறும் முளையை விற்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

இக்காலத்து மடிக்கணிப்பொறிகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. பழைய மேசைக் கணிப்பொறியில் அதற்குரிய அட்டையைப் பொருத்துவதே எளிய வழி; நாமும் அவ்வாறே செய்துள்ளோம். விண்டோஸ் 8 முதல் பழைய இயக்கி மென்பொருளை நீக்கிவிட்டபடியால் காமிரா தென்படாமல் போவதுண்டு. 'லெகஸி' என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனியே வெளியிட்டதை நிறுவினால் பல கணிப்பொறிகளில் சரியாகும். ஆப்பிள் நிறுவனமோ 2025-இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. நாள் செல்லச் செல்ல இவ்வழி குறுகுமேயன்றி அகலாது.

ஆச்சியின் காசெட்டுக்கு வருவோம். காமிராவை 'வி.சி.ஆர்.' நிலையில் வைத்தோம். 'காமிரா' நிலையில் வைத்தால் கணிப்பொறியில் நம் வீட்டுக் கூரைதான் தெரியும். படம் தெளிவாக வந்தது. இருபது நிமிடம் ஆனதும் பதிவு தானே நின்றுவிட்டது. நாடா அறுந்ததோ என்று ஆச்சி பதறினார். அவர் கொணர்ந்திருந்த வெளி வட்டு ஃபேட் 32 முறையில் அமைந்தது. ஒரு கோப்பில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அது ஏற்காது. இந்நாடாவோ மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் கேட்கும். வட்டினை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றி மீண்டும் தொடங்கினோம். இதில் விரைவு வண்டி கிடையாது. ஒரு மணி நேர நாடா வந்துசேர ஒரு மணி நேரமே ஆகும்.

ஐம்பதாவது நிமிடத்தில் பந்திக் காட்சி வந்தது. இலைகளுக்கிடையே வேட்டியை மடித்துக் கட்டியபடி நடந்து வந்த ஒருவர், காமிராவைப் பார்த்து, "என்னய என்னல படம் பிடிக்க? அங்க மாப்பிள்ள வீட்டுக்காரவுக எலையில சாம்பார் இல்ல, போயிப் பாருல!" என்று அதட்டினார். ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். உடன் வந்திருந்த பேரன் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படிப்பவன். 'ல' என்றால் என்ன என்று அவன் கேட்டான். அதற்கு ஆச்சி தந்த விளக்கம் அரை மணி நேரம் நீடித்தது. பின்னர் அந்தப் பகுதியை ஆறு முறை ஓட்டச் சொன்னார், ஓட்டினோம்.

வேறோர் அன்பர் கொணர்ந்த காசெட்டில், கண்ணாடிச் சாளரத்தின் உள்ளே வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதனை நாம் காமிராவில் இடவில்லை. இட்டால் பூஞ்சை தலையில் ஒட்டி அடுத்த காசெட்டுக்கும் பரவும். சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கவும், நாடா மீட்பையே தொழிலாகக் கொண்டவரிடம் காட்டவும் சொல்லி அனுப்பினோம். நம் ஊர்க் காற்றின் ஈரம் காசெட்டுகளுக்குப் பகை. இன்னும் இரண்டு மழைக்காலம் கழியட்டும் என்று வைத்திருப்போர் டப்பாவை இன்றே ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும்.

ஞாயிறு பிற்பகல்களில் நாம் இல்லத்தில் இருப்போம். காசெட்டுடன், அதனைப் படம் பிடித்த காமிராவும் அடாப்டரும் பரணில் எங்கேனும் கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் சரி, உடன் கொணருங்கள். பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு வரவேண்டாம்.