கச்சேரிப் பட்டினத்தில் ஒரு பத்திரிகை

அமெரிக்கா என்றதும் எம்மவர் மனதில் எழுவது நியூயோர்க்கின் மாடிக் கட்டடங்களும் கலிபோர்னியாவின் கடற்கரைகளுந்தான். அந்நாட்டின் தென்மாநிலங்களை அறிய விரும்புபவர் போகவேண்டிய இடம் வேறு. அங்கே பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தலைப்பட்டினம் உண்டு. பட்டினத்தின் நடுவே ஒரு சதுக்கம். சதுக்கத்தின் நடுவே நீதிமன்றக் கட்டடம். காணி உறுதி பதிவதும், திருமண அனுமதிப் பத்திரம் பெறுவதும், வரி கட்டுவதும், வாக்காளராகப் பதிவதும், வழக்காடுவதும் அங்கேதான். பெயர் நீதிமன்றமாயினும், யாழ்ப்பாணத்தார் பேச்சில் சொல்வதானால் அது கச்சேரி. அதைச் சுற்றிப் புடவைக் கடை, மருந்துக் கடை, இரும்புச் சாமான் கடை, வங்கி, சட்டத்தரணிகளின் அறைகள். அவற்றின் வரிசையிலே, பெரும்பாலும் ஒரு வாரப்பத்திரிகையின் காரியாலயமும் இருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்பதால் எந்த ஊருக்குச் சென்றாலும் அந்த ஊர்ப் பத்திரிகையைத் தேடி வாங்குவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் வாழும் என் பெறாமகளின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, லெக்சிங்டன் என்ற பட்டினத்துக்கு என்னை அழைத்துப் போகும்படி கேட்டேன்.

“அங்கை பார்க்க ஒண்டுமில்லையே, பெரியப்பா!” என்றாள் அவள்.

உல்லாசப் பயணிக்கு அங்கே எதுவுமில்லை என்பது உண்மைதான். ஜாக்சனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவு. ஹோம்ஸ் கவுண்டியின் தலைப்பட்டினம் அது. குன்றுகள் முடிந்து, பருத்தி விளையும் டெல்டாச் சமவெளி தொடங்கும் விளிம்பில் அமைந்திருக்கின்றது. சதுக்கத்தின் நடுவே 1894 இல் எழுப்பப்பட்ட செங்கல் நீதிமன்றம். சுற்றிலுமுள்ள கடைகளிற் பல பூட்டிக் கிடந்தன. 1940 இல் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்த கவுண்டியில் 2020 இன் குடிசன மதிப்பீட்டின்படி எஞ்சியோர் 17,000 பேர். பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்தபின் கூலி வேலை இல்லாது போயிற்று. கறுப்பின மக்கள் புகையிரதமேறிச் சிக்காகோவுக்கும் பிற வட நகரங்களுக்கும் போயினர். வாங்குவோர் போனபின் விற்போரும் போயினர்.

நான் தேடிச் சென்றது, அந்தச் சதுக்கத்திலே ஒரு காலத்தில் வெளிவந்த ‘லெக்சிங்டன் அட்வர்டைசர்’ என்ற வாரப்பத்திரிகையின் சுவட்டை. அதன் ஆசிரியரும் உரிமையாளருமாக இருந்தவர் ஹேசல் பிரானன் ஸ்மித் என்ற பெண்மணி.

அவர் 1914 இல் அயல் மாநிலமான அலபாமாவிற் பிறந்தவர். 1935 இல் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கடன் வாங்கி, ஹோம்ஸ் கவுண்டியின் இன்னொரு சிற்றூரான டியூரன்டின் பத்திரிகையை விலைக்கு வாங்கினார். 1943 இல் லெக்சிங்டன் அட்வர்டைசரும் அவர் கைக்கு வந்தது.

கவுண்டிப் பத்திரிகை என்பது என்ன? உலகச் செய்தியை எதிர்பார்த்து அதை எவரும் வாங்குவதில்லை. யார் வீட்டிற் குழந்தை பிறந்தது, எந்தத் தேவாலயத்தில் விருந்து, வெள்ளிக்கிழமை இரவு உயர்பாடசாலை உதைபந்தாட்டத்தில் யார் வென்றார், இவ்வாரம் பருத்தியின் விலை என்ன, யார் இறந்தார் என்பவைதாம் அதன் செய்திகள். எங்கள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைப் புரட்டுகின்ற வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்திரிகையின் வருமானம் மூன்று வழிகளில் வருகின்றது. சந்தா ஒன்று. பலசரக்குக் கடைக்காரரும் வாகன விற்பனையாளரும் தரும் விளம்பரம் இரண்டாவது. கவுண்டி நிர்வாகம் சட்டப்படி வெளியிட வேண்டிய அறிவித்தல்கள் மூன்றாவது. சந்தாப் பணம் கடதாசிக்கும் மைக்குமே போதாது. ஆகவே பத்திரிகையின் உயிர் இருப்பது கடைக்காரரின் கல்லாப்பெட்டியிலும் கச்சேரியின் கோப்பிலும். அந்தக் கடைக்காரரும் அதிகாரியும் ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரோடு ஒரே தேவாலயத்திற் பக்கத்து ஆசனத்தில் அமர்பவர்கள். எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே தெருவிலே தினமும் சந்திப்பார்கள்.

தொடக்கத்தில் ஹேசலுக்கும் அந்தத் தெருவிற்கும் பெரும் பகை இருக்கவில்லை. இனப்பிரிப்பு முறையை அவர் அன்று எதிர்த்தவருமல்லர். அவரது கேள்வி சட்டத்தைப் பற்றியதாகவே இருந்தது. மிசிசிப்பியில் 1966 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. எனினும் கள்ளச் சாராயம் தாராளமாக விற்கப்பட்டது. கண்டும் காணாதிருந்த அதிகாரிகளை அவர் தம் பத்திரிகையிற் சாடினார். அதையும் ஊர் பொறுத்துக்கொண்டது.

பொறுக்காமற் போனது 1954 இல். அவ்வாண்டு மே மாதத்தில் பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையில் மிசிசிப்பியின் இந்தியனோலாப் பட்டினத்தில் ‘வெள்ளைக் குடிமக்கள் பேரவை’ தோன்றியது. அதே கோடையில் ஹோம்ஸ் கவுண்டியின் ஷெரிப், ஒரு கறுப்பின இளைஞனைப் பின்னாலிருந்து சுட்டுக் காயப்படுத்தினார். ஹேசல் அதைச் செய்தியாக வெளியிட்டதோடு நில்லாது, ஷெரிப் பதவி விலக வேண்டுமென்று தலையங்கமும் எழுதினார். ஷெரிப் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார். உள்ளூர் ஜூரிமார் 10,000 டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். 1955 இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது.

வழக்கிலே அவர் வென்றார். ஆனால் அதன் பின்னர் நடந்ததுதான் இத்தொழிலில் இருப்பவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1956 இல், கவுண்டி வைத்தியசாலையின் நிர்வாகியாக இருந்த அவரது கணவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வெள்ளைக் குடிமக்கள் பேரவை விளம்பரப் பகிஷ்கரிப்பை நடத்தியது. 1950 களின் இறுதியில், அவரை வீழ்த்துவதற்கென்றே அதே ஊரில் ஒரு போட்டிப் பத்திரிகை தொடங்கப்பட்டது.

பத்திரிகை அடக்குமுறை என்றால் எங்கள் மக்களுக்கு நினைவில் வருவது நெருப்பும் துப்பாக்கியும். 1981 ஜூனில் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு காரியாலயமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2 ஆம் நாள், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் மாலை, உதயன் காரியாலயத்துள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். ஹேசலுக்கும் நெருப்பு வந்தது. அவரது வீட்டு முற்றத்தில் சிலுவை எரிக்கப்பட்டது. ஜாக்சனில் அவர் நடத்திய மற்றொரு பத்திரிகையின் காரியாலயம் 1964 இற் குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. ஆனால் அவரைச் சாய்த்தது அவையல்ல. நெருப்பு வைத்தால் உலகம் திரும்பிப் பார்க்கும். இந்த வாரம் விளம்பரம் தேவையில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்?

அந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் கருதவில்லை. சிறு பட்டினத்தில் வணிகம் கடனில் நடப்பது. விதைக்கும் காலத்தில் வாங்கி, பருத்தி விற்றபின் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு வங்கியிற் கடன்; வங்கிக்குத் தோட்ட முதலாளிகளின் வைப்புப் பணம். ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவர் கை நடுங்கும். நான் முன்னர் பணியாற்றிய ஒரு பத்திரிகையிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டிருக்கிறேன். ஒரு வணிக நிறுவனத்துக்குப் பிடிக்காத செய்தி வெளியாயிற்று. எவரும் மிரட்டவில்லை, தொலைபேசிகூட எடுக்கவில்லை. மாதா மாதம் வரும் முழுப்பக்க விளம்பரம் அடுத்த மாதம் வரவில்லை. எங்கள் சம்பளம் இரண்டு வாரம் பிந்தியது. அந்த இரண்டு வாரங்களும் ஆசிரிய பீடத்தில் நிலவிய மௌனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இந்தக் கடன் கயிறு கறுப்பின மக்களின் கழுத்தைச் சுற்றி இன்னும் இறுக்கமாக இருந்தது. வாக்காளராகப் பதிய விண்ணப்பிப்பவரின் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டுமென 1962 இல் மிசிசிப்பியிற் சட்டமாயிற்று. வெளிப்பார்வைக்கு அது சாதாரண அரச அறிவித்தல். உண்மையில் அதைப் படிக்க வேண்டியவர்கள் தோட்ட முதலாளியும் கடன் கொடுத்தவரும் வீட்டுச் சொந்தக்காரரும். மக்களுக்குத் தகவல் தருவதற்கென இருக்கும் பக்கத்தையே மக்களை அச்சுறுத்தும் பட்டியலாக்கிய தந்திரம் அது.

அந்தச் சட்டம் இருந்தும், 1963 ஏப்ரல் 9 ஆம் நாள், மைல்ஸ்ரன் என்ற கிராமத்துக் கறுப்பின விவசாயிகள் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிய வந்தார்கள். ‘முதற் பதினால்வர்’ என்று அவர்கள் இன்று நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? 1930 களின் இறுதியிலிருந்து அரசாங்கத் திட்டமொன்றின் மூலம் அவ்வூரவர் சொந்தமாகக் காணி பெற்றிருந்தனர். பருத்தி அரைக்கும் ஆலையையும் கூட்டுறவாக நடத்தினர். காணியை விட்டு வெளியேறு என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு முதலாளி இருக்கவில்லை. அடுத்த மாதமே அவர்களில் ஒருவரான ஹார்ட்மன் ரேண்போவின் வீட்டுக்கு எரிகுண்டு வீசப்பட்டது. அப்படியிருந்தும் 1967 இல் இக்கவுண்டி மக்கள் ரொபேட் கிளார்க் என்ற ஆசிரியரை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் மிசிசிப்பிச் சட்டசபையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே.

ஹேசலின் பத்திரிகை சாகாதிருக்கப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களிலும் இக்கவுண்டியின் கறுப்பின மக்கள் உண்டு. கிறீன்வில் பட்டினப் பத்திரிகையாளரான ஹொடிங் காட்டர் போன்ற சகபாடிகளும் உதவினர். 1964 இல் ஆசிரியத் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவர். ஆயினும் பரிசு வாரந்தோறும் வராது. அச்சகக் கூலி வாரந்தோறும் கொடுக்க வேண்டும். போன விளம்பரம் முழுமையாகத் திரும்பி வரவில்லை. கடன் வளர்ந்தது. 1985 இல் பத்திரிகை நின்றது. பின்னர் வீடும் கடனில் போயிற்று. 1994 இல் ரெனசி மாநிலத்தில் அவர் காலமானார்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 இல் லெக்சிங்டன் பொலிஸ் தலைவர் இனவெறியோடு பேசிய ஒலிப்பதிவு வெளியாகி அவர் பதவி இழந்தார். அதை வெளிக்கொணர்ந்தது மாநில அளவில் இயங்கும் ஒரு புலனாய்வுச் செய்தி நிலையம். 2024 செப்டெம்பரில் அமெரிக்க நீதித் திணைக்களம் இப்பட்டினப் பொலிஸ் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 1,600 பேர் வாழும் ஊரிலே இரண்டு ஆண்டுகளில் நால்வருக்கு ஒரு கைது என்ற அளவில் கைதுகள் நடந்தன. மக்கள் கட்ட வேண்டிய தண்டப்பணம் 17 இலட்சம் டொலருக்கு மேல். தண்டம் கட்ட முடியாதவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஷெரிப்பை நோக்கி ஹேசல் கேட்ட அதே கேள்வியை, வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2005 இல் இருந்த பத்திரிகைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இன்று இல்லை. அவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய வாரப்பத்திரிகைகள்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் கடை வாசலில் இலவசமாக எடுத்துச் செல்லும் பத்திரிகைகளை நான் ஆர்வத்தோடு புரட்டுவதுண்டு. வீடு விற்பவர், நகைக் கடைக்காரர், மண்டபக்காரர் ஆகியோரின் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். அதில் எனக்குக் குறை ஏதும் தோன்றுவதில்லை. விளம்பரம் இல்லாமற் பத்திரிகை இல்லை. ஆனால் அந்த நகைக் கடையைப் பற்றியோ, அந்த மண்டபத்தைப் பற்றியோ, ஆலய நிர்வாகத்தைப் பற்றியோ ஒரு கேள்வி எழுந்தால் அதை எந்தப் பக்கத்தில் அச்சிடுவார்கள்? பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வாசகர் இருந்தால் மட்டுமே ஆசிரியர் அந்தக் கேள்வியை அச்சிடத் துணிவார். மைல்ஸ்ரன் விவசாயிக்குச் சொந்தக் காணி எப்படியோ, பத்திரிகைக்குச் சந்தாதாரர் அப்படி.