தங்கும் அறையில் எது முக்கியம்?

வெளியூரில் ரூம் போட வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் ஒவ்வொரு ஹோட்டலும் ஒரு நீளமான பட்டியலை நீட்டுகிறது. ஏசி, பெரிய டிவி, இலவச வைஃபை, ஜிம், நீச்சல் குளம், குட்டி ஃபிரிட்ஜ்... படிக்கும்போது எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். ஆனால் தங்கிவிட்டு வந்தவர்களிடம் "ரூம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். நீச்சல் குளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "வெந்நீரே வரலைங்க", "ராத்திரி பூரா மூட்டைப்பூச்சி", "பாத்ரூம் கதவுல தாழ்ப்பாளே இல்ல". இப்படித்தான் பதில் வரும். எல்லாம் சரியாக இருந்திருந்தால் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

ஏன் இப்படி? பி.காம். படிக்கிறவர்களுக்கு விடை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மேலாண்மைத் தாளில் வரும் ஹெர்ஸ்பெர்க்கை மறந்திருக்க மாட்டீர்கள் (பத்து மார்க் கேள்வி ஆயிற்றே!). வேலையில் திருப்தி தருகிற விஷயங்கள் வேறு, அதிருப்தி தருகிற விஷயங்கள் வேறு என்று 1959ல் சொன்னவர் அவர். வாடிக்கையாளர் விஷயத்தில் ஏறக்குறைய இதே சிந்தனையை 1984ல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ முன்வைத்தார். சில வசதிகள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் கோபம் வரும். சில வசதிகள் கூடக்கூடத் திருப்தியும் கூடும். இன்னும் சில, இல்லாவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள், இருந்தால் மட்டும் அசந்து போவார்கள். வெந்நீரும் தாழ்ப்பாளும் முதல் வகை. நீச்சல் குளம் பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வகை.

இந்த வகைகள் காலத்துக்குக் காலம் மாறும் என்பதுதான் வேடிக்கை. 1908ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஸ்டாட்லர் என்பவர் ஒரு ஹோட்டல் திறந்தார். ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, வாடகை ஒன்றரை டாலரில் ஆரம்பம் என்று விளம்பரம் செய்தார். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்! இன்றைக்கு "அட்டாச்டு பாத்ரூம் உண்டு" என்று எந்தப் பெரிய ஹோட்டலாவது பெருமை அடித்துக்கொண்டால் சிரிப்போம். வைஃபைக்கும் அதே கதிதான். 2000களில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கிய ஹோட்டல்கள் ஏராளம். இப்போது டீக்கடை மாடியில் இருக்கும் லாட்ஜிலும் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

காலம் மட்டும் இல்லை, ஆளுக்கு ஆளும் மாறும். ஊர் ஊராகச் சுற்றும் மெடிக்கல் ரெப்புக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்டும், சட்டைக்கு இஸ்திரியும், 24 மணி நேர செக் அவுட்டும் போதும். ராத்திரி 10 மணிக்கு வருகிறவரை "மதியம் 12 மணிக்குக் காலி பண்ணுங்க சார்" என்றால் அவர் முழு நாள் வாடகை கொடுத்து அரை நாள்தான் தங்குகிறார்! ராமேஸ்வரத்துக்கு வருகிற குடும்பத்துக்கு வேறு தேவை. 22 தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு வந்தால் ஈரத்துணி ஒரு மூட்டை சேரும். அவர்களுக்கு டிவி எதற்கு? துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு வேண்டும். பரீட்சை எழுதத் தனியாகச் சென்னைக்கு வரும் பெண்ணுக்கு, உள்பக்கம் உறுதியான தாழ்ப்பாளும் வெளிச்சமான வராந்தாவும் கிடைத்தால்தான் தூக்கமே வரும்.

இதையெல்லாம் ஒரே ஊரில் பார்க்க வேண்டும் என்றால் வேலூருக்குப் போக வேண்டும். 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கோ இருந்து நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எங்கு பார்த்தாலும் வங்காள எழுத்தில் போர்டுகள். இந்த ஊரில் ரூம் தேடுகிறவர் சுற்றுலாப் பயணி இல்லை. கையில் ஃபைல், கூடவே நடக்க முடியாத அப்பாவோ, சின்னக் குழந்தையோ இருக்கும். டெஸ்ட் எடுக்க ஒரு நாள், ரிசல்ட்டுக்கு இரண்டு நாள், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு வாரம் என்று தங்கல் நீண்டுகொண்டே போகும்.

இவர்களுக்கு எந்த வசதி முக்கியம்? முதலில் அடுப்பு! ஆமாம், பல லாட்ஜ்களில் அறையிலேயே சமைத்துக்கொள்ள வசதி உண்டு. மூன்று வேளையும் மூன்று பேர் கடையில் சாப்பிட்டால் சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணம் கரைந்துவிடும். அதைவிட, உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், கஞ்சியாக என்று டாக்டர் சொன்னபடி எந்தக் கடையில் செய்து தருவார்கள்? மொழி தெரியாத ஊரில் தங்கள் ஊர்ச் சோறும் மீன் குழம்பும் கிடைப்பதே நோயாளிக்குப் பாதித் தெம்பு. அடுத்தது லிஃப்ட், இல்லையென்றால் கீழ்த்தள அறை. பிறகு வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு அந்தக் கைப்பிடி இல்லாத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயன்படாது. ஈரமான டைல்ஸில் ஒருமுறை வழுக்கினால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

நீண்ட நாள் தங்குகிறவருக்கு வாடகையில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. நாளுக்கு 700 ரூபாய் ரூமில் ஒரு குடும்பம் 20 நாள் தங்குகிறது என்று வையுங்கள். வாடகை 14,000 ரூபாய். 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றிருந்த சலுகை 2022 ஜூலை 18ல் நின்று, 12 சதவீதம் வரி வந்தது. அதாவது 1,680 ரூபாய் கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் இது 5 சதவீதமாகக் குறைந்ததால் இப்போது 700 ரூபாய். (ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன லாட்ஜ் பொதுவாக ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை.) வசதியாக இருப்பவர்களுக்கு இந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வேலூர் லாட்ஜில் இருப்பவருக்கு அது சில நாள் மருந்து.

லாட்ஜ் நடத்துகிறவர்கள் பக்கம் இருந்தும் பாருங்கள். தாழ்ப்பாள், கொடிக்கயிறு, பிளக் பாயின்ட், கைப்பிடி இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டிவி விலை வராது. ஆனால் போட்டோவில் அழகாகத் தெரிவது டிவிதான், கைப்பிடி தெரியாது. அதனால் பணம் டிவிக்குப் போகிறது. ரூம் பார்க்க வருகிறவர்களும் டிவியையும் ஏசியையும் மட்டுமே கேட்டால், முதலாளியும் அதைத்தானே வாங்கி வைப்பார்? யாருக்காக அறை என்பதை யோசித்து அடுப்பு வைத்த லாட்ஜ்காரர்கள் மார்க்கெட்டிங் படித்தார்களோ இல்லையோ, வருகிறவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

எனவே அடுத்த முறை ரூம் போடும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவு செய்யுங்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். கதவை உள்ளே தாழ்போட்டுப் பாருங்கள். மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கூட வருகிறவர் வயதானவர் என்றால் முதலில் பாத்ரூமுக்குள் போய், அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று பாருங்கள். டிவி ரிமோட்டை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.