எந்த வயர் எங்கே போகிறது

சனி, ரந்தாவ்

பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டேன். தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது ஓட்டிய மோரிஸ் மைனர், 1954-ஆம் ஆண்டு வண்டி. வயர்க் கற்றையைச் சற்று வளைத்ததுமே பருத்தி நூல் பின்னலுக்குள் இருந்த ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே கம்பி வெள்ளையாகத் தெரிந்தது. ரப்பரில் கலக்கும் கந்தகம் செம்பை அரித்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். மலாயாவின் பால்மரங்கள் உலகத்துக்கே ரப்பர் கொடுத்த காலம் அது. இப்போது இந்த வீட்டைச் சுற்றிலும் செம்பனைதான்.

ஞாயிறு

சிரம்பானிலிருந்து வயர்மேன் அண்ணன் வந்தார். பழுதான வயரை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போகும் மின்சாரம் அவற்றின் வழியாகப் போவதே இல்லை. உறை உதிர்ந்த வயர் பாடியில் உரசினால் தடுக்க ஒன்றுமில்லை. வயரே பழுத்து எரியும். முழுக் கற்றையையும் மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

இந்த வண்டியின் வயர்களுக்கான லூகாஸ் நிறுவனத்தின் நிற முறையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன். பச்சை, சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கு, கறுப்பு எர்த். ஹெட்லைட்டில் எப்போதோ யாரோ சிவப்பு வயரை ஒட்டுப் போட்டிருந்தார்கள். “தம்பி, நிறத்த மட்டும் நம்பாதே. எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு அவுரு” என்றார். ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய டேப்பைச் சுற்றினோம்.

சனி

இங்கிலாந்திலிருந்து புதுக் கற்றை வந்துவிட்டது. உள்ளே பி.வி.சி. உறை, மேலே பழையபடி பருத்திப் பின்னல். பின்விளக்குக்குப் போகும் கிளையின் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டிப் பழையதை உருவினோம். அதே கயிறு புதியதை உள்ளே இழுத்து வந்தது. எஞ்சின் பக்கத் தகட்டுத் துளையில் புது ரப்பர் வளையம் போட்டோம். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும்.

ஞாயிறு

இந்த வண்டியில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்றைய கார்களுக்கு நேர்மாறு. நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை மாட்டினார் அண்ணன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், வயர் தப்பிக்கும். சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்க, பல்பு எரியவில்லை. அதன்பிறகே கேபிளை நேராக மாட்டினோம். சிக்னல் சுவிட்சைத் திருப்பியதும் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறச் சிக்னல் கை வெளியே நீண்டு ஒளிர்ந்தது.

தோட்டங்களில் பழைய வண்டிகள் கிடைத்த வயரால்தான் பிழைத்தன. பட்டணத்துக்குப் போய்வரக் காசும் நேரமும் இல்லாத மனிதர்கள் செய்த வேலை அது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இன்று வசதி இருக்கிற நாம் நிறம் பிசகாமல் செய்ய வேண்டும். அடுத்து இந்தப் பானெட்டைத் திறப்பவர் யாரையும் கேட்காமலே வயர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.